ஃபிராங்கி சக்காய்: கார்வை தெரிந்த நடிகர்

ஹவோரி என்பது ஜப்பானியர் கிமோனோவின் மேல் அணிகிற, முன்பக்கம் திறந்த, அகன்ற கைப்பகுதி கொண்ட மேலங்கி. 1957-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருவன் அதை உடுத்திக்கொள்ளும் விதத்தை எத்தனை முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எல்லோரையும் போல அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நுழைப்பதில்லை, மேலே வீசுகிறான். துணி காற்றில் விரிந்து இறங்குவதற்குள் அவனுடைய இரண்டு கைகளும் உள்ளே போய்விடுகின்றன. அங்கி தோளில் அமரும்போது அவன் மனம் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறது. வித்தை காட்டுகிறேன் பார் என்கிற பாவனை முகத்தில் துளியும் இல்லை.

சிறுவயதில் மூன்றாண்டுகள் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன் நான். சொற்களை விரலுக்குக் கொண்டுவந்துவிட்டாலும் இடையிலுள்ள கார்வையில், அதாவது அடிக்காமல் விடவேண்டிய இடைவெளியில், முந்திக்கொண்டு விழுகிறீர்கள் என்று எங்கள் ஆசிரியர் தினமும் திட்டுவார். விட்டுப்போன அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது அந்தத் திட்டு மட்டும்தான். ஹவோரி காற்றில் நிற்கிற அந்த நொடியைப் பார்த்தபோது, இந்த மனிதனுக்குக் கார்வை தெரிந்திருக்கிறது என்று முதலில் தோன்றியது. அவர் திரைக்கு வருமுன் டிரம்ஸ் வாசித்தவர் என்பதைப் பிறகுதான் படித்தேன். ஃபிராங்கி சக்காயைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே இருந்தது.

இயற்பெயர் மசாதோஷி சக்காய். ஜப்பானின் தெற்கிலுள்ள ககோஷிமாவில் 1929 பிப்ரவரி 13 அன்று பிறந்தவர். டோக்கியோவில் அசாபு பள்ளியில் படித்தார். பின்னாளில் பெயர்பெற்ற நடிகர்களான ஷோய்ச்சி ஓசாவாவும் தக்கேஷி காட்டோவும் அங்கே அவருடைய பள்ளித் தோழர்கள். போர் முடிந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்க, பிரிட்டிஷ் இசைத்தட்டுகளில் ஏறத்தாழ 1,000 தட்டுகளைப் பட்டியலிட்டு, எதிரியின் இசை என்று அரசு தடை செய்திருந்தது. 1945 ஆகஸ்டுக்குப் பிறகு அதே இசையை வாசிக்கத் தெரிந்தவனுக்குச் சோறு உறுதியாயிற்று. வெற்றிபெற்ற படை நாடெங்கும் முகாமிட்டிருந்தது. அதிகாரிகளுக்கு ஒரு கிளப், கீழ்நிலை அதிகாரிகளுக்கு ஒன்று, சிப்பாய்களுக்கு ஒன்று என்று ஒவ்வொரு முகாமிலும் கேளிக்கைக் கூடங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் வாத்தியக்காரர்கள் வேண்டியிருந்தது. மாலையானால் டோக்கியோவின் பெரிய ரயில் நிலைய வாசல்களில் ராணுவ லாரிகள் வந்து நிற்கும். கருவியோடு காத்திருப்பவர்களை ஆள் எண்ணி ஏற்றிக்கொண்டு போகும். ஓர் ஆள் குறைந்தால் வாசிக்கவே தெரியாத ஒருவன் கையில் கருவியைக் கொடுத்து வரிசையில் நிறுத்திய கதைகளை அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சக்காய் அப்போது கெய்யோ பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை மாணவர். பகலில் பாடமும் இரவில் முகாமுமாகப் போன அந்த ஆண்டுகளில்தான் மசாதோஷி ஃபிராங்கியானார். அந்த மேடைகளில் எதிரே இருந்தவர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மேடையில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் அரைகுறை. வீட்டு நினைவில் குடித்துக்கொண்டிருக்கும் இருபது வயதுச் சிப்பாயைச் சொல்லில்லாமல் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் முகத்தையும் கையையும் விட்டால் வேறு வழியில்லை. சிரிப்பு இரண்டு தட்டுகளுக்கு இடையில் எங்கே விழுகிறது என்பதை ஒவ்வோர் இரவும் கூலி வாங்கிக்கொண்டே கற்கிற வாய்ப்பு எந்த நாடகப்பள்ளி மாணவனுக்கும் கிடைத்திருக்காது. ஃபிராங்கி மட்டுமல்ல, அவரைச் சுற்றியிருந்த ஒரு கூட்டமே இப்படி இசையிலிருந்து நகைச்சுவைக்குப் போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

போரில் வென்றவர்களின் ஆக்கிரமிப்பு 1952-இல் முடிவுக்கு வந்தது. முகாம்கள் குறையத் தொடங்கின. ஆனால் ஜாஸ் முகாமைவிட்டு ஊருக்குள் வந்துவிட்டது. 1952-இல் அமெரிக்க டிரம்ஸ் மேதை ஜீன் க்ரூப்பா வந்து வாசித்தார். 1953-இல் ஜாஸ் கச்சேரி அமைப்பாளர் நார்மன் கிரான்ஸ் அழைத்துவந்த குழுவில் க்ரூப்பாவோடு பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் பியானோக் கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனும் இருந்தார்கள். இளைஞர்கள் டிரம்ஸ் வாசிப்பவனைச் சினிமா நாயகனைப்போலப் பார்த்த காலம் அது. தெருவோ யோதாவின் சிக்ஸ் லெமன்ஸ் குழுவில் வாசித்துப் பெயரெடுத்திருந்த ஃபிராங்கி, 1954-இல் தன் குழுவைத் தொடங்கினார். ஜீன் க்ரூப்பா ஆகவேண்டும் என்றுதான் அந்த வயதில் எந்த டிரம்ஸ்காரனும் கனவு கண்டிருப்பான். அவர் தேர்ந்த முன்மாதிரி வேறு: ஸ்பைக் ஜோன்ஸ்.

ஸ்பைக் ஜோன்ஸ் பெயர் இன்று பலருக்கு நினைவிருக்காது. அவரும் அடிப்படையில் டிரம்ஸ்காரர். உருகி உருகிப் பாடவேண்டிய காதல் பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் நடுவே துப்பாக்கி வெடி, மாட்டு மணி, கார் ஹாரன், ஏப்பம், விக்கல் எல்லாவற்றையும் சேர்த்துச் சின்னாபின்னமாக்குவதுதான் அவருடைய சிட்டி ஸ்லிக்கர்ஸ் குழுவின் தொழில். கேட்பவருக்கு அது கூச்சலாகத் தெரியும். வாசிப்பவருக்கோ ஒரு சிம்பொனியைவிடக் கறாரான கணக்கு. விக்கல் கால் இடம் தள்ளி விழுந்தால் சிரிப்பு வராது, அருவருப்புதான் வரும். ஃபிராங்கி தன் குழுவுக்கு அதே பெயரை வைத்தார்: ஃபிராங்கி சக்காயும் சிட்டி ஸ்லிக்கர்ஸும்.

அந்தக் குழுவில் டிராம்போன் வாசித்தவர் கெய் தானி, கிட்டார் வாசித்தவர் ஹிதோஷி உவேக்கி. ஃபிராங்கி சினிமாவுக்குப் போனதும் இவர்கள் ஹஜிமே ஹனா என்ற இன்னொரு டிரம்ஸ்காரரின் கிரேஸி கேட்ஸ் குழுவுக்கு மாறினார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி வளர்ந்த அறுபதுகளில் அந்நாட்டு நகைச்சுவையின் முகமாக நின்றது அந்தக் குழுதான். ஹனா பிறகு இயக்குநர் யோஜி யமாதாவின் தொடக்ககாலப் படங்களில் நாயகனாக நடித்தார். உவேக்கி 1985-இல் இயக்குநர் அகிரா குரோசாவாவின் ரான் படம் வரைக்கும் போனார். அடுத்த தலைமுறையின் டிரிஃப்டர்ஸ் குழுவில் ஊரையே சிரிக்கவைத்த சா காட்டோவும் டிரம்ஸ்காரர்தான். குழுவில் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து எல்லோர் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, யார் எப்போது தடுமாறுவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்போலும்.

போரில் முடங்கியிருந்த நிக்காட்சு நிறுவனம் 1954-இல் மீண்டும் படமெடுக்கத் தொடங்கியிருந்தது. புது ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஃபிராங்கியின் பெயரையே தலைப்பில் வைத்து அவர்கள் எடுத்த சில கேலிப் படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உருண்டை முகமும் பருத்த உடம்புமாக ஒருவர் ஓடி விழுந்து எழுகிறார், அவ்வளவுதான். அந்த உடம்புக்குள் ஒரு நடிகர் இருப்பதைக் கண்டுகொண்டவர் யூசோ கவாஷிமா என்ற இயக்குநர்.

அவர்கள் சேர்ந்து செய்த பகுமாட்சு தையோதென் படத்தில்தான் அந்த ஹவோரி வருகிறது. கதை நடப்பது 1862-இல். ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம். எதோ என்று அன்று அழைக்கப்பட்ட டோக்கியோவை விட்டுக் கிளம்பும் நெடுஞ்சாலையின் முதல் தங்குமிடம் ஷினகாவா. அங்கே விலைமாதர் விடுதிகள் வரிசையாக இருந்தன. சாஹெய்ஜி என்பவன் நண்பர்களோடு ஒரு விடுதிக்கு வந்து விடிய விடியக் கொண்டாடிவிட்டு, கையில் காசில்லை என்று மறுநாள் சிரித்துக்கொண்டே சொல்கிறான். கடன் தீரும்வரை அங்கேயே கிடக்கவேண்டியதுதான். கிடப்பவன் சும்மா கிடப்பதில்லை. விருந்தினருக்கு மது கொண்டுபோகிறான், பெண்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறான், சண்டை தீர்க்கிறான், ஒவ்வொன்றுக்கும் கூலி வாங்கிக்கொள்கிறான். சில நாள்களில் அவனில்லாமல் விடுதி நடக்காது என்ற நிலை வந்துவிடுகிறது. ஒரே மனிதர் மண்டியிட்டு அமர்ந்து, கைவிசிறியை வைத்துக்கொண்டு எல்லாப் பாத்திரங்களையும் பேசுகிற ராக்குகோ கதைக்கலையில் இது பழைய கதை. கவாஷிமா இதோடு வேறு சில ராக்குகோ கதைகளையும் பிசைந்து ஒரே விடுதிக்குள் அடைத்தார். எழுத்தில் அவருடன் இருந்தவர்களில் ஒருவர் அப்போது உதவி இயக்குநராக இருந்த ஷோஹெய் இமாமுரா.

அதே விடுதியின் மாடியில் ஆட்சிக்கு எதிரான சாமுராய் இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் தூதரகத்தைக் கொளுத்துவது அவர்களது திட்டம். அது வரலாற்றில் உண்மையாகவே நடந்தது. அதில் பங்கெடுத்த ஹிரோபூமி இத்தோதான் பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமர். அவர்களின் தலைவன் தக்காசுகியாக நடித்தவர் யூஜிரோ இஷிஹாரா, அன்றைய ஜப்பானின் மிகப்பெரிய இளம் நட்சத்திரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1957-இன் இறுதியில் அதே நிக்காட்சு, இஷிஹாராவை டிரம்ஸ்காரராக வைத்து ஒரு படம் எடுத்துப் பெரும் வெற்றி கண்டது. திரையில் குச்சிகளைச் சுழற்றியது இஷிஹாரா; ஒலித்த வாசிப்பு ஹிதியோ ஷிராக்கி என்ற ஜாஸ் கலைஞருடையது. நிஜமான டிரம்ஸ்காரரோ அந்த ஆண்டில் குச்சியைத் தொடாமல் சாராயத் தட்டைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கவேண்டும். விடுதியின் நடைவழிகள் குறுகலானவை. எப்போதும் யாராவது குறுக்கே வந்துகொண்டிருப்பார்கள். சாஹெய்ஜி அவர்களுக்கிடையே ஊசியில் நூல் போவதுபோலப் போகிறான். நடக்கும்போது ஒரு பேச்சு, கதவைத் தள்ளும்போது ஒரு பதில், உட்காரும்போது ஒரு பொய். ஒன்றுகூட இடம் தவறுவதில்லை. பிறகு தனியறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் இருமல் வருகிறது. சாஹெய்ஜிக்குக் காசநோய். அந்த இருமலை ஃபிராங்கி பரிதாபமாகச் செய்வதில்லை. இதுவரை அடித்த அத்தனை சொற்களும் நின்றுபோய், வெளியே ஷாமிசென் என்ற நரம்புக்கருவியின் ஒலி மட்டும் கேட்க, முகம் சட்டென்று ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. கண்கள் எதையும் பார்ப்பதில்லை. சில நொடிகள்தான். பிறகு மருந்தைக் கலக்க ஆரம்பிக்கிறான். யாராவது கூப்பிட்டால் மறுபடியும் அந்தச் சிரிப்பு. இந்தப் படத்தை வெறும் நகைச்சுவை என்று நினைத்து உட்காருகிறவர்களை அந்த வெற்று முகம்தான் நிமிர்ந்து உட்காரவைக்கிறது. அதில் நோயாளி இயக்குநரின் சாயல் உண்டு: நடப்பதற்கே கடினப்படுத்திய ஒரு நோய் கவாஷிமாவை இளமையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

கினெமா ஜுன்போ என்ற திரைப்பட இதழ் அந்த ஆண்டின் சிறந்த படங்களில் இதற்கு நான்காம் இடம் கொடுத்தது. சிறந்த நடிகருக்கான ப்ளூ ரிப்பன் விருது ஃபிராங்கிக்குக் கிடைத்தது. கொசுறாக ஒரு தகவல்: ஊரூராகப் புத்தகம் சுமந்து வாடகைக்கு விடுகிறவனாக, விலைமாது ஒருத்தி சாகத் துணைக்கு அழைத்து ஏமாற்றுகிற அப்பாவியாக இதில் வருபவர் அசாபு பள்ளித் தோழர் ஓசாவா.

படத்தின் முடிவில் சாஹெய்ஜி விடுதியைவிட்டு நழுவுகிறான். ஒரு கிராமத்துப் பணக்காரனிடம் அவன் தேடிவந்த பெண் செத்துவிட்டாள் என்று பொய் சொல்லியிருந்ததால், இடுகாட்டில் யாருடையதோ ஒரு கல்லறையைக் காட்டவேண்டி வருகிறது. பொய் வெளிப்பட்டதும், நீ நரகத்துக்குத்தான் போவாய் என்று அவன் சபிக்கிறான். நரகமாவது சொர்க்கமாவது, நான் இன்னும் நெடுநாள் வாழப்போகிறேன் என்று கத்திவிட்டு சாஹெய்ஜி கடலோரச் சாலையில் ஓடுகிறான். கவாஷிமா எண்ணியிருந்த முடிவு இதுவல்ல. ஓடுகிறவன் அரங்க அமைப்பைக் கிழித்துக்கொண்டு படப்பிடிப்புத் தளத்துக்குள் புகுந்து, அதையும் தாண்டி 1957-இன் ஷினகாவாவுக்குள் ஓடிப்போகவேண்டும் என்பது அவர் விருப்பம். படமே நவீன ஷினகாவாவில்தான் தொடங்குகிறது. விலைமாதர் தடுப்புச் சட்டம் நிறைவேறிவிட்ட, விடுதிகளின் கடைசி நாள்கள் அவை. படக்குழுவில் எல்லோரும் எதிர்த்தார்கள், ஃபிராங்கியும் எதிர்த்தார். கவாஷிமாவின் விருப்பப்படி விட்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் வருந்தினார். இமாமுரா போன்றவர்கள் எதிர்த்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 1957-இல் அது பார்வையாளர்களுக்கு அந்நியமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காதல் பாட்டின் நடுவே துப்பாக்கி வெடித்த சிட்டி ஸ்லிக்கர்ஸ் தலைவர் அதை எதிர்த்தார் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அடுத்த ஆண்டு அவர் செய்தது தொலைக்காட்சியில். 1958 அக்டோபர் 31 அன்று, இன்று டிபிஎஸ் என்ற பெயரில் இயங்கும் நிலையம் ஒளிபரப்பிய நாடகம் அது. சிப்பியாக வேண்டும் என்பது அதன் தலைப்பின் பொருள். எழுதியவர் ரஷோமோனிலும் ஏழு சாமுராய்களிலும் குரோசாவாவுடன் பணியாற்றிய ஷினோபு ஹஷிமோட்டோ. இயக்கியவர் யோஷிஹிக்கோ ஒகாமோட்டோ. வீடியோ நாடா அப்போதுதான் ஜப்பானுக்கு வந்திருந்தது. முன்பாதியை நாடாவில் பதிந்தார்கள், பின்பாதி நேரலை. அதாவது, மரணத்தை நோக்கிப் போகிற பாதியை ஃபிராங்கி திருத்த வழியில்லாமல் ஒரே மூச்சில் நடித்தாகவேண்டும்.

நாடகத்தின் நாயகன் தோயோமாட்சு ஷிமிசு, ஜப்பானின் கொச்சி மாகாணத்து ஊரொன்றில் முடிதிருத்துபவர். மனைவியும் ஒரு மகனும் உண்டு. போரின் கடைசிக் கட்டத்தில் படைக்கு இழுக்கப்படுகிறார். சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானப்படை வீரன் ஒருவனைத் துப்பாக்கி ஈட்டியால் குத்தும்படி மேலிருந்து கட்டளை வருகிறது. பயந்த சுபாவமுள்ள தோயோமாட்சுவால் அவனைக் கொல்ல முடியவில்லை, காயப்படுத்தியதோடு சரி. போர் முடிந்து கடைக்குத் திரும்பி மறுபடியும் கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும்போது போர்க்குற்றவாளி என்று கைதாகிறார். ஏன் கட்டளையை மறுக்கவில்லை என்று வழக்குமன்றம் கேட்கிறது. மறுக்க முடியும் என்ற எண்ணமே எழ இடமில்லாத ஒரு படையைப் பற்றி அந்த மனிதர் எந்த மொழியில் விளக்குவார்? தூக்குத் தண்டனை. மனைவிக்கும் மகனுக்கும் எழுதும் கடைசிக் கடிதத்தில், மறுபிறவி இருந்தாலும் மனிதனாகப் பிறக்க விருப்பமில்லை என்கிறார். மாடாகவோ குதிரையாகவோ பிறந்தால் மறுபடியும் மனிதனிடம்தான் அடிபட வேண்டும். பிறந்தே தீரவேண்டுமென்றால் ஆழ்கடலின் அடியில் பாறையை ஒட்டிக்கொண்டு கிடக்கும் சிப்பியாகலாம், அங்கே படைக்கு ஆளெடுக்க மாட்டார்கள், போர் இருக்காது, உங்களை நினைத்துக் கவலைப்படவும் வேண்டியிருக்காது. இந்த வரிகளின் மூலம், தாமே போர்க்குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்ட தெத்சுத்தாரோ காட்டோவின் எழுத்து.

போர்க்குற்றவாளிகளை அடைத்திருந்த டோக்கியோவின் சுகாமோ சிறையிலிருந்து கடைசிக் கைதிகள் விடுதலையானது அதே 1958 மே மாதம். நாடகம் வந்தது ஐந்து மாதம் கழித்து. இந்தப் பாத்திரத்துக்கு ஒரு நகைச்சுவை நடிகரைத் தேர்ந்தது வெறும் பரிசோதனையாக இருக்க முடியாது. சோக நடிகர் ஒருவர் முதல் காட்சியிலேயே தூக்குக்கயிற்றை முகத்தில் சுமந்துகொண்டு வந்திருப்பார். ஃபிராங்கியின் தோயோமாட்சு வாடிக்கையாளரிடம் வம்பளந்துகொண்டு கத்தரிக்கோலைச் சும்மாவே இரண்டு தரம் சொடுக்குகிற சாதாரண ஆள். அந்தச் சொடுக்கு கேட்டுப் பழகிய காதுக்குத்தான், கடைசியில் கைகள் வெறுமனே மடியில் கிடக்கும் அமைதி தாங்கமுடியாததாகிறது. இன்று நாடாக்கள் அழிந்துபோகாமல் மிஞ்சியிருக்கும் அக்கால நாடகங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. அரசின் கலைவிழாப் பரிசும் இதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஹஷிமோட்டோவே இதைத் தோஹோ நிறுவனத்துக்காகப் படமாக இயக்கினார். நாயகன் மீண்டும் ஃபிராங்கிதான், மனைவியாக மிச்சியோ அராத்தமா.

பிறகு வந்த பத்தாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். தோஹோவின் எக்கிமாயே வரிசை, அதாவது ரயிலடிப் படங்கள், 1958-இலிருந்து 1969 வரை 24 வந்தன. ஹிசாயா மோரிஷிகே, ஜுன்சபுரோ பான், ஃபிராங்கி ஆகிய மூவரும் ஒவ்வொன்றிலும் வேறுவேறு தொழில் செய்துகொண்டு ஒரே மாதிரி மாட்டிக்கொள்வார்கள். முதல் படம் அருமை. ஐந்தாறுக்குப் பிறகு எது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் 1961 என்ற ஓராண்டின் முன் நின்றே ஆகவேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் வெளிவந்த மோத்ராவில், பிடித்தால் விடாத ஆமை என்ற பட்டப்பெயர் கொண்ட செய்தியாளராக வருகிறார். ராட்சத விட்டில்பூச்சியும் மிகச் சிறிய உருவம் கொண்ட இரட்டைப் பெண்களும் உலவும் அந்தப் படத்தில், நம்பும்படியாக ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்ற வேலை அவருடையது. அதைச் சிரித்தபடியே முடித்துக்கொடுத்தார்.

அக்டோபரில் வந்தது உலகப் பெரும்போர் என்ற பொருள்படும் தலைப்பு கொண்ட படம். ஷூவே மாட்சுபயாஷி இயக்கியது. அதில் அவர் செய்தியாளர் மன்றத்தின் கார் ஓட்டுநர் மோக்கிச்சி. பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் போட்டு, கொஞ்சம் லாபம் பார்த்து, வீட்டுத் தோட்டத்தில் டூலிப் கிழங்கு நட்டு வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்து அப்பா. எங்கோ இரண்டு வல்லரசுகள் தம் பகையை முற்றவிட்டு அணுகுண்டில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஊரெல்லாம் ஓடிப்போனபின், போக இடமில்லாத அந்தக் குடும்பம் வீட்டிலேயே உட்கார்ந்து கடைசி உணவை உண்கிறது. மோக்கிச்சி எழுந்து மேல்மாடத்துக்குப் போய் அந்திவானத்தைப் பார்த்துக் கத்துகிறார். மனைவிக்கு ஒரு பண்ணைவீடு கட்டிக்கொடுப்பேன், மூத்தவளுக்கு ஊரே பார்க்கக் கல்யாணம் செய்வேன், சின்னவள் விமானப் பணிப்பெண்ணாவாள், பையனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவேன், நான் போகமுடியாத பல்கலைக்கழகத்துக்கு. கெய்யோவில் படித்த மனிதர் சொல்கிற வசனம் இது. ஆனாலும் அந்தக் கடைசி வரியில் குரல் உடைந்து மேலே ஏறும்போது, நான் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மிகையாக நடிக்கிறார் என்று சொல்பவர்கள் உண்டு. படம் முழுக்க அடக்கி வாசித்துவிட்டு ஒரே ஓர் இடத்தில் முழுக்கையால் அடிப்பவனை மிகை என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டினர் அவரை அறிந்தது 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஷோகுன் வழியாக. தோஷிரோ மிஃபூனே நடித்த தொரனாகாவின் கீழ் நின்றுகொண்டே இரண்டு பக்கமும் சாய்கிற யாபு பிரபு அவர். 2024-இல் வந்த புதிய தொடரில் ததானோபு அசானோ யாபுஷிகேயாகக் கலகலப்பாக்கியது இதே பாத்திரத்தைத்தான். ஒரு மாலுமியை உயிரோடு கொதிநீரில் அவிக்கச் சொல்லிவிட்டு அலறலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் யாபு. ஓர் இசைக்கலைஞர் கேட்பதுபோலவே ஃபிராங்கி அதைக் கேட்கிறார். கொடூரம் அங்கேதான் இருக்கிறது. அதே ஆண்டு ஜப்பானில் அவர் நாகோயா வட்டார வழக்கில் பேசுகிற, சிவப்பு டர்னிப் கிழங்கு ஊறுகாய்ப் பிரியரான அரசு வழக்கறிஞராக ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியிருந்தார். ஒசாக்கா கலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக மேடைக்கலையும் கற்பித்தார்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு பழைய கடன் ஓடிக்கொண்டிருந்தது. கவாஷிமாவும் ஃபிராங்கியும் சேர்ந்து செய்ய எண்ணிய இன்னொரு படம் ஷராக்கு என்ற ஓவியரைப் பற்றியது. 1794-இல் எங்கிருந்தோ தோன்றி, பத்தே மாதங்களில் 140-க்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சோவியங்களுக்கு வரைந்துவிட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சுவடில்லாமல் மறைந்தவர் ஷராக்கு. யாரென்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அவர் வரைந்தவை பெரும்பாலும் கபுக்கி என்ற மரபு நாடகத்தின் நடிகர்களுடைய முகங்கள்; அழகுபடுத்தாமல் வரைந்தார். அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒனிஜி ஓத்தானியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: முன்னே நீண்ட முகம், ஒன்றாகச் சேர்ந்த கண்கள், அங்கிக்குள்ளிருந்து மார்பின் மேல் விரிந்து நிற்கும் இரண்டு சிறிய கைகள். உடம்போடு ஒட்டாத, எதையோ பிடிக்கப்போகிற நொடியில் உறைந்துபோன கைகள். டிரம்ஸ்காரர் ஒருவருக்கு அந்தப் படத்தின்மேல் முப்பதாண்டு ஆசை இருந்ததற்கு எனக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கவாஷிமா 1963 ஜூன் 11 அன்று 45 வயதில் இறந்துபோனார். ஃபிராங்கி ஆசையை விடவில்லை. ஷராக்குவைப் பற்றித் தேடினார், பயணம் செய்தார், எழுதினார், பணம் திரட்டினார். படம் கைகூடியபோது அவருக்கு அறுபத்தைந்து ஆகிவிட்டது. இருபதுகளில் தான் நடிக்க நினைத்த ஷராக்கு வேடத்தை ஹிரோயுக்கி சனாதாவுக்குக் கொடுத்துவிட்டு, இயக்கத்தை மசாஹிரோ ஷினோதாவிடம் ஒப்படைத்தார். தானே எடுத்துக்கொண்டது ஜூசபுரோ த்ஸுத்தாயாவின் வேடம்: அரசின் தணிக்கையில் பாதிச் சொத்தைப் பறிகொடுத்தும், பெயரில்லாத ஒருவனை நம்பி அவன் ஓவியங்களை அச்சிட்டு விற்ற பதிப்பாளர். படத்தில் அவர் அதிகம் அசைவதில்லை. உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கிறார்.

ஷராக்கு 1995-இல் வெளிவந்து அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. மறு ஆண்டு ஜூன் 10 அன்று ஃபிராங்கி தன் 67-ஆம் வயதில் டோக்கியோவில் இறந்தார். மறுநாள் கவாஷிமாவின் நினைவு நாள். ஜப்பானியப் பௌத்த வழக்கில் இறந்தவருக்கு 33-ஆவது நினைவுச் சடங்கோடு பொதுவாகச் சடங்குகள் முடிகின்றன. இறந்த நாளையே முதலாவதாக எண்ணுவதால் அது 32 ஆண்டுகள் நிறையும்போது வரும். கவாஷிமாவுக்கு அந்தச் சடங்கு வந்த ஆண்டு 1995.